மதிய நேரத்துக் கிதாபு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு ஆசைகள் வந்துவிடுகின்றன. ஒன்று ஊர் சுற்றுவது. இன்னொன்று பூர்வீகம் தேடுவது. நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸாப் குழுவைத் திறந்தால் காலையில் ஒருத்தி பாலித் தீவில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாள். மாலையில் இன்னொருத்தி தன் கொள்ளுத் தாத்தாவின் மங்கிய படத்தைப் போட்டு ‘எங்க பரம்பரை’ என்று எழுதுகிறாள். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மூடிவிடுகிறேன். எனக்கு முழங்கால் வலி, அதனால் பாலி இல்லை. பூர்வீகம் என்று காட்டப் படமும் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களை அந்தக் காலத்தில் யாரும் படம் எடுத்ததில்லை.

போன வாரம் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: “நீ எப்பப் பார்த்தாலும் புஸ்தகமும் கையுமா இருப்பியே, அது உங்க வாப்பாகிட்டேருந்து வந்த பழக்கமா?” என் வாப்பா பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை. அது வேறு இடத்திலிருந்து வந்தது. ஒரு வரியில் பதில் போடப் பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் இது. நீளமாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் பாலிப் படங்களை நானும் அப்படித்தான் தாண்டுகிறேன்.

நான் வளர்ந்தது முத்துப்பேட்டைப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். மேட்டூரில் திறக்கிற காவேரித் தண்ணீர் தஞ்சாவூர், மன்னார்குடி என்று எல்லா வயலுக்கும் பாய்ந்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். வந்த வேகத்தில் கடலுக்கும் போய்விடும். எங்கள் தெருவின் ஆண்களும் ஏறக்குறைய அப்படித்தான். வெளிநாடு போய்ச் சம்பாதிப்பதைச் சபர் என்பார்கள். ‘அவங்க சபர்ல இருக்காங்க’ என்று பெண்கள் சொல்லும்போது அதில் பெருமையும் இருக்காது, வருத்தமும் இருக்காது. அவர் குளிக்கப் போயிருக்கிறார் என்று சொல்வது மாதிரி சொல்வார்கள்.

வீடு பெண்களுக்கு என்பது எங்கள் வழக்கம். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் வீடு பெரியம்மாவுக்கும் அவர் தங்கையான என் உம்மாவுக்கும் பாதிப் பாதி. என் வாப்பாவுக்குத் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை, வெள்ளிக்கிழமைக்கு வந்துவிடுவார். பெரியம்மாவின் கணவரான பெரிய வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். சில வருடங்களுக்கு ஒருமுறை கப்பலில் வந்து, கொஞ்ச மாதம் இருந்துவிட்டுப் போவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பள்ளிக்கூடம் போன நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நான் பெரியம்மா பக்கத்துப் பாதியில்தான் கிடந்தேன்.

பெரிய வாப்பா வராத வருடங்களில் பார்சல் வரும். கெட்டியான பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணலால் கட்டி, மேலே பெரியம்மாவின் பெயரை அவர் குண்டு குண்டாக எழுதியிருப்பார். உள்ளே இருக்கும் துணியும் பிஸ்கட்டும் தெருவுக்கே பங்காகும். பட்டாம்பூச்சி போட்ட தபால்தலைகளை நான் கத்தரித்துக்கொள்வேன். ஓட்டை விழுந்த அந்தக் காகிதத்தைப் பெரியம்மா கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்து, நாலாக மடித்து, மெத்தைக்கு அடியில் வைப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. நம் வீடுகளில் பெண்கள் எதைத்தான் மடித்து வைக்கவில்லை?

இனிக் கிதாபுக்கு வருகிறேன்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து, சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்ட பிறகு, கொல்லைக் கதவு வழியாகத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். கைக்குழந்தையோடு வருகிற எதிர்வீட்டுப் பெண், எப்போதும் மூக்குப்பொடி மணக்கும் மூன்றாம் வீட்டு மாமி, சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வரும் அக்கா தங்கைகள். முன்கூடத்துக்கும் உள்கூடத்துக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கும். ஆண்கள் வந்தால் முன்கூடம், பெண்கள் உள்கூடம். பெரியம்மா தொழுகைக்குச் செய்வது போலக் கை கால் முகம் கழுவி ஒளு செய்து, வெள்ளைத் துப்பட்டியால் தலையை மூடி, ஊதுபத்தி கொளுத்தி வைத்து, குர்ஆன் ஓதும் மடக்குப் பலகையை விரித்து, அதன் மேல் அந்தக் கிதாபை வைப்பார். கிதாபு என்றால் புத்தகம். ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஒன்றுக்கு மட்டும்தான் அந்தப் பெயர்.

அதற்கு அட்டை இல்லை. முன்பக்கம் இல்லை, அதனால் பெயரும் இல்லை. பெரியம்மாவின் உம்மாவுக்கு அவர் உம்மா கொடுத்தது. முதுகில் காடாத்துணி வைத்துத் தைத்திருந்தது. பக்கத்தைத் திருப்பினால் கிராம்பு மணமும் பழைய சாம்பிராணி மணமும் சேர்ந்து வரும். எழுத்து முழுவதும் அரபு. பெரியம்மா வாசிப்பதோ தமிழ்.

பெரியம்மாவுக்கு அரபு மொழி தெரியும், பார்த்துப் பார்த்துத் தமிழாக்கிச் சொல்கிறார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். எனக்கும் அரபு எழுத்து தெரியும். காலையில் மதரசாவில் ஓதிக் கொடுக்கும் லெப்பையின் பிரம்புக்கு முன்னால் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன். எழுத்துக் கூட்டுவது மட்டும்தான், பொருள் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஒருநாள் யாரும் இல்லாதபோது கிதாபைத் திறந்து, மதரசாவில் செய்வது போலவே விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். சில எழுத்துகளில் நான் அறியாத கூடுதல் புள்ளிகள் இருந்தன, ஊகித்துக்கொண்டு போனேன். க... கப்... கப்பல். என் வாயிலிருந்து ‘கப்பல்’ என்று வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடிவிட்டு ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். “அதுக்கென்ன இப்ப? எழுத்து அரபு, பேச்சு நம்ம பேச்சு. அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு அந்த எழுத்துதான் சொல்லிக் கொடுத்தாங்க. அதுலயே எழுதினாங்க. போய்த் தேங்காய எடுத்துட்டு வா,” என்றார். என் வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பு ஒரு தேங்காயோடு முடிந்தது.

கிதாபில் இருந்தது ஒரு கதை. ஆறு கடலில் சேரும் ஓர் ஊரில் ஒரு பெண். அவள் புருசன் சபர் போய்த் திரும்பவில்லை. அவள் ஆண் வேடம் போட்டுக்கொண்டு கப்பலேறி, துறைமுகம் துறைமுகமாக அவனைத் தேடிப் போகிறாள். இடையிடையே கொள்ளைக்காரர்கள், ஜாதிக்காய்க் கிடங்கு, அவள் ஆண் என்றே நம்பி அவளுக்குப் பெண் கொடுக்க வருகிற ஒரு துறைமுக அதிகாரி. அந்த அதிகாரி வரும் இடத்தில் மூன்றாம் வீட்டு மாமி சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிடுவார். கதை முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. எத்தனையோ தடவை கேட்ட கதையைப் பெண்கள் புதிதாகக் கேட்பது போல ‘அப்புறம்?’ என்பார்கள். முடிவில் பேரீச்சம்பழம் பங்கிடுவார்கள். ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்துவிட்டு சாயங்கால அசர் தொழுகைக்குக் கலைந்துவிடுவார்கள்.

ஊர் ஆண்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்பீர்கள். அரபு எழுத்து, துப்பட்டி, ஊதுபத்தி, மடக்குப் பலகை. இதையெல்லாம் பார்த்துவிட்டு, நபிமார் சரித்திரமோ நேர்ச்சைப் பாட்டோ ஓதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பெரியம்மாவிடம் நான் ஒருமுறை கேட்டேன், கதைக்கு எதற்கு ஒளு என்று. “எழுத்துக்குத்தான் மரியாதை. கதைய யாரு கும்பிடச் சொன்னா?” என்றார். அவர் நடித்ததாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது பெரிய வாப்பா பினாங்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். இரும்புப் பெட்டிகள், டேப் ரெக்கார்டர், கோடாலித் தைலம், வீடு முழுவதும் ஒரு புது சோப்பு வாசனை. தாடி நரைத்திருந்தது. அதிகம் பேச மாட்டார். அதனால் ஊரில் அவரைக் கண்டிப்பானவர் என்றார்கள். இப்போது யோசித்தால் அவருக்குக் கூச்சம், அவ்வளவுதான். தண்ணீர்ச் செம்பு எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்பார். பெரியம்மா வந்தால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து உட்கார்வார். பெரியம்மாவும் விருந்தாளிக்குச் செய்வது போலத்தான் அவருக்குச் செய்தார். நிக்காஹ் ஆகி எவ்வளவோ காலம், ஆனால் சேர்ந்து இருந்த மாதங்களைக் கூட்டினால் என் வயதுகூடத் தேறாது.

வந்த சில நாளில், மதியம் வெளியே போனவர் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். ஊதுபத்தி மணமும் முணுமுணுவென்று வாசிப்பும் முன்கூடம் வரை வந்திருக்கிறது. செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே வாசிப்பு நின்றுவிட்டது. திரை இடுக்கில் அவர் பார்த்தது மடக்குப் பலகையையும், அரபு எழுத்தையும், அதன் முன் தலை குனிந்திருந்த தன் மனைவியையும். குடையை எடுக்காமலே போய்விட்டார். அன்று மாலை பள்ளிவாசலில் அவர் சொன்னது தெருவெல்லாம் பரவியது. தான் சபரில் கிடந்த காலமெல்லாம் தன் வீட்டில் தினமும் கிதாபு ஓதியிருக்கிறார்கள், அந்தப் பரக்கத்தால், அந்த அருளால்தான் உயிரோடு திரும்பியதாகச் சொன்னாராம். சொல்லும்போது கண் கலங்கிவிட்டதாம்.

பெரியம்மா காதுக்கும் இது வந்தது. அன்று இரண்டு தடவை குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டார்.

மறுநாள் பெரிய வாப்பா ஒளு செய்துவிட்டு வந்து கிதாபைப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு கையாலும் வாங்கி, உதட்டில் வைத்து முத்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். நடுவில் திறந்தார். பக்கத்தின் ஓரம் உதிர்ந்து அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. பதறிப்போனார். உங்களுக்குத் தெரியாதிருக்கலாம், எங்களில் அரபு எழுத்துள்ள தாள் நைந்துபோனால் குப்பையில் போட மாட்டோம், காலில் பட விட மாட்டோம். துணியில் கட்டி, கல் வைத்து, ஓடும் தண்ணீரில் மரியாதையாக இறக்கிவிடுவோம்.

“இப்படி உதிர விட்டா பாவம்மா. முகத்துவாரத்துல கொண்டுபோய் நானே விட்டுட்டு வர்றேன்,” என்றார். பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து, தங்க வேலைப்பாடு செய்த புதுக் குர்ஆன் ஒன்றை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார். “உனக்குன்னு வாங்கினது. கப்பல்ல மடியிலேயே வச்சுக்கிட்டு வந்தேன்.”

கிதாபு அவர் கையில்தான் இருந்தது. திறந்தும் இருந்தது. அவருக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும். ஒரு வரி கூட்டியிருந்தால் போதும், கப்பல் வந்திருக்கும். அவர் கூட்டவில்லை. அவரும் அதே மாதிரி மதரசாவில் படித்தவர்தான். அந்த எழுத்தைக் கண்டால் முத்துவார், ஓதுவார். அது நம் பேச்சைப் பேசும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“நல்லது,” என்றார் பெரியம்மா. குர்ஆனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுப்படியில் உம்மா அக்காவிடம் கொதித்தார். “லாத்தா, நான் மச்சான்கிட்டச் சொல்லிடறேன். இது வெறும் கதை, ஆத்துல விட வேணாம்னு.”

“சொல்லு. இத்தனை வருசமா ஊதுபத்தி கொளுத்தி வச்சுக் கதை படிச்சோம்னு சொல்லு. நேத்துதான் பள்ளிவாசல்ல எல்லார் முன்னாடியும் அழுதுட்டு வந்திருக்காரு. அந்த மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பாரு?”

“அப்ப கிதாபு போகட்டுமா?”

“நம்மளோட போனாப் பரவாயில்ல. நாளைக்கு எதிர்வீட்டுப் புள்ளையோட மாப்பிள்ள சபர்லேருந்து வருவான். இங்க கதைதான் நடக்குதுன்னு தெரிஞ்சா அவள கொல்லைக் கதவத் தாண்ட விடுவானா? வேற எங்க போகும் அது, பாவம்?”

உம்மா அம்மிக் குழவியை வேகமாக உருட்டினார். எனக்கு அழுகை வந்தது. அந்தக் கிதாபு போனால் அந்த மதியங்களே போய்விடும் என்று எனக்கும் புரிந்தது. அதோடு எனக்கு ஒரு சொந்தக் கவலையும் இருந்தது. கதையின் முடிவு எனக்குத் தெரியாது. அந்தப் பெண் கடைசித் துறைமுகத்தில் புருசனின் கடை வாசலுக்கு வந்து நிற்கும் இடத்தில், தவறாமல் பெரியம்மா என்னைப் பார்த்து, “போய்க் குடிக்கத் தண்ணி கொண்டு வா,” என்பார். சிறுபிள்ளை கேட்கக் கூடாத ஏதோ ஒன்று அங்கே இருந்தது. நான் செம்போடு திரும்புவதற்குள் பேரீச்சம்பழம் வந்துவிடும்.

மூட்டையைப் பெரியம்மாவே கட்டினார். “எத்தனையோ வருசம் பழகின கை, நானே கட்டித் தர்றேன்,” என்று கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளைத் துணியில் நான்கு முடிச்சு. கொடுக்கும்போது, “என் சார்பா இந்தப் புள்ள வரட்டும்,” என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். உம்மா என் காதில், “படகுல வாயத் தொறந்தே, பிச்சுப்புடுவேன்,” என்றார்.

அதுதான் என் முதல் பெரிய பயணம். படகு, படகுக்காரர், பெரிய வாப்பா, நான், நடுவில் மூட்டை. மேலே இருந்து நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்த காலம், ஆறு செம்மண் நிறத்தில் இருந்தது. வயல்கள் முடிந்ததும் உப்பளம், உப்பளம் முடிந்ததும் அலையாத்திக் காடு. கிளைகள் இரண்டு கரையிலிருந்தும் வந்து தலையில் இடித்தன. ஓர் இலையைப் பறித்து நக்கினேன், உப்புக் கரித்தது. சேற்றில் கண் பிதுங்கிய மீன்கள் காலால் நடப்பது போலத் தாவின. எலுமிச்சம் சோறும் மாசிச் சம்பலும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதில் பாதியை நானே தின்றேன். துக்கம் இருந்தது, பசியும் இருந்தது.

காடு விலகித் தண்ணீர் அகலமானபோது பெரிய வாப்பா கேட்டார். “நீயும் பெரிம்மாகூட உக்காந்து ஓதுவியாமே. இதுல உள்ளத ரெண்டு வரி சொல்லேன், விடறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுக்கிறேன்.”

உம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றும் அதே உம்மாதான் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கு மனப்பாடமான இடத்தைப் பெரியம்மாவின் ராகத்திலேயே சொன்னேன்: “அப்பொழுது நீர் வற்றத் தொடங்கிற்று. மாலுமி பாயை ஏற்றச் சொன்னான். அந்தப் பெண்ணானவள் ஆணுடை தரித்துக் கப்பலின் ஓரத்தில் நின்று, தன் ஊரின் மினாரா கண்ணுக்கு மறையுமட்டும் பார்த்திருந்தாள்...”

பெரிய வாப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திறந்தார். “இது எந்த நபியோட சரித்திரம்?”

“நபி இல்ல பெரிய வாப்பா. ஒரு பொம்பள.”

“எந்தப் பொம்பள?”

“பேரு தெரியாது. முன்பக்கம் கிழிஞ்சுபோச்சு. புருசன் சபர் போய் வரவே இல்ல. அதான் தேடிக்கிட்டுப் போறா.”

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கெங்க போறா?” என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொள்ளைக்காரர்கள், துறைமுக அதிகாரி, ஜாதிக்காய்க் கிடங்கின் மணம். “ஆமா, அங்க ஜாதிக்காய்ல ஊறுகா போடுவாங்க,” என்றார் நடுவில். அதிகாரி பெண் கொடுக்க வந்த இடத்தில் அவர் தாடிக்குள் சிரித்தார். படகுக்காரர் கழி ஊன்றுவதை விட்டுவிட்டு, “அப்புறம்?” என்றார். இந்து ஆளானாலும் கதை கேட்க அவருக்கு மட்டும் கசக்குமா? கடைசியாக அந்தப் பெண் கடை வாசலில் வந்து நின்றாள். நான் நிறுத்தினேன்.

“கண்டுபிடிச்சாளா?” என்றார் பெரிய வாப்பா.

“தெரியாது. அங்க வந்தா பெரிம்மா என்னத் தண்ணி எடுக்க அனுப்பிடுவாங்க.”

அவர் மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஆற்றுத் தண்ணீரில் கை கழுவி, துண்டால் துடைத்து, பிஸ்மி சொல்லி, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். படகுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக் கழியை ஊன்றிக்கொண்டிருந்தார்.

உள்ளே கிதாபு இல்லை. ஒரு கருங்கல் இருந்தது. அதைச் சுற்றி, நாலாக மடித்த பழுப்புக் காகிதங்கள். பட்டாம்பூச்சி இருந்த இடத்தில் நான் கத்தரித்த ஓட்டைகள். மேலே குண்டு குண்டாக அவர் கையால் எழுதிய பெரியம்மாவின் பெயர்.

ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். அவர் அனுப்பிய பார்சல்களின் காகிதம் அத்தனையும் அங்கே இருந்தது போலிருக்கிறது. ஒன்றைக்கூடப் பெரியம்மா தூக்கிப் போடவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். கிதாபையும் இவற்றையும் எதிரெதிரே வைத்துப் பெரியம்மா எதை வைத்துக்கொண்டார் என்பதும் அப்போதுதான் தெரிந்திருக்கும். இதெல்லாம் நான் இப்போது நினைத்துப் பார்ப்பது. அன்றைக்கு எனக்கு ஏமாற்றம்தான். முடிவு கிடைக்கவில்லையே என்று இருந்தது.

அவர் காகிதங்களைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். நான்கு முடிச்சையும் போட்டார். இரண்டு கையாலும் மூட்டையைத் தண்ணீருக்குள் இறக்கி, கை முழங்கை வரை நனையும் வரை பிடித்திருந்துவிட்டு விட்டார். கிதாபுக்குச் செய்ய நினைத்த மரியாதை ஒன்றையும் குறைக்கவில்லை. திரும்பும்போது ஒரே ஒரு பேச்சுத்தான். “படகுல பேசினது படகோட. என்னம்மா?” சரி என்று தலையாட்டினேன். உம்மாவின் கை பலம் எனக்குத் தெரியும், அதனால் அந்த ஒப்பந்தம் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

வாசலில் பெரியம்மா நின்றார். “விட்டாச்சா?”

“விட்டாச்சு. நல்ல கனம்.”

“பழசு இல்ல? கனமாத்தான் இருக்கும்,” என்றார் பெரியம்மா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சில வாரம் மதியத்தில் யாரும் வரவில்லை. பெரியம்மா புதுக் குர்ஆனை விடியற்காலை சுபுஹு தொழுததும் தினமும் ஓதினார், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் மதியம் உள்கூடத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு பெரிய வாப்பா, கடைத்தெருவில் சிநேகிதர் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருகிறேன் என்று லுஹருக்குப் பின் கிளம்பத் தொடங்கினார். அசருக்குத்தான் வருவார். வரும்போது தெருமுனையிலேயே இருமத் தொடங்குவார். அவருக்கு நெஞ்சுச்சளி என்று உம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார். கஷாயத்தைக் குடித்துவிட்டு மறுநாளும் இருமினார்.

முதலில் வந்தது மூன்றாம் வீட்டு மாமிதான். கொல்லைக் கதவில் தலையை நீட்டி, “இருக்கா?” என்றார். பெரியம்மா நெல் குதிருக்குள் தோள் வரை கையை விட்டுக் கிதாபை எடுத்தார். பக்கத்தைத் திருப்பத் திருப்ப நெல்மணி உதிர்ந்தது. அன்று எதிர்வீட்டுப் பெண் குழந்தையைக்கூட மறந்துவிட்டு அழுதாள்.

அந்தக் கிதாபு இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். பெரியம்மா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டை இடித்துக் கட்டியபோது, அடுத்த தலைமுறைப் பையன்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். அரபு எழுத்து, நைந்த தாள். வெள்ளைத் துணியில் கட்டி மிகுந்த மரியாதையோடு ஆற்றில் விட்டுவிட்டார்கள். நான் அப்போது வேலூரில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்விப்பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர்களைத் திட்டவும் வழியில்லை.

ஆனால் முடிவை நான் கேட்டுவிட்டேன். அது அதே வருடம் ஐப்பசியில். காலையிலிருந்து மழை. பெரிய வாப்பா வழக்கம்போலக் கிளம்பிப் போனார், குடையும் எடுத்துப் போனார். மழைக்குப் பயந்து பெண்கள் சீக்கிரம் வந்துவிட்டார்கள். கதை கடைசித் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கடை வாசலில் வந்து நின்றாள். பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“போய்க் குடிக்கத் தண்ணி கொண்டு வா.”

தண்ணீர்ப் பானை முன்கூடத்தில் இருந்தது. திரையை விலக்கிக்கொண்டு போனேன். நாற்காலியில் பெரிய வாப்பா உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்த குடை. எப்போது வந்தார் என்று தெரியாது. இருமவில்லை. என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். நான் செம்பும் கையுமாகத் திரைக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றுவிட்டேன்.

உள்ளே பெரியம்மா பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. அப்போது பெரிய வாப்பா திரையைப் பார்த்துக் கேட்டார்.

“கண்டுபிடிச்சாளா?”

உள்ளே ஒரு வளையல்கூட அசையவில்லை. கைக்குழந்தை மட்டும் ஏதோ சொன்னது. மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. படகில் பேசியது படகோடு என்றவர் இவர்தான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு பெரியம்மாவின் குரல் வந்தது. கிதாபு வாசிக்கும் ராகம் அதில் இல்லை.

“கண்டுபிடிச்சா. அவருக்குத்தான் இவ யாருன்னு தெரியல.”

பெரிய வாப்பா எழுந்தார். அவர் வாசல் பக்கம் போவார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, திரையை ஒட்டிப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

“கொஞ்சம் சத்தமா வாசிம்மா,” என்றார். “இங்க கேக்கல.”

பெரியம்மா சத்தமாக வாசித்தார்.